தேவிகுளம் தமிழ்வழிப் பள்ளிகளில் ஆங்கிலம்: வீட்டு மொழியைக் கைவிடாமல் கற்பிப்பது எப்படி?

தேவிகுளம்: கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தில், தேயிலைத் தோட்டங்களை ஒட்டி இயங்கும் தமிழ்வழிப் பள்ளிகளில் ஆங்கிலம் பல பாடங்களில் ஒன்றாக மட்டும் இருப்பதில்லை. தமிழ்வழியில் படித்தால் பிள்ளைக்கு ஆங்கிலம் வராது என்ற எண்ணம் பெற்றோரிடம் வலுப்பெற்றுவிட்டால், அவர்கள் அடுத்துத் தேடுவது ஆங்கிலவழி வகுப்பைத்தான். இதனால், மலைமீதுள்ள தமிழ்ப் பள்ளிகளின் மாணவர் சேர்க்கை, தமிழாசிரியரைவிட ஆங்கில ஆசிரியரைச் சார்ந்திருக்கும் நிலை உருவாகியுள்ளது. அந்த ஆசிரியருக்கு எத்தகைய பயிற்சி கிடைக்கிறது, வகுப்பறையில் அவர் என்ன செய்யலாம் என்பதை இச்செய்தித் தொகுப்பு விளக்குகிறது.

மாநிலங்கள் மறுசீரமைப்பு ஆணையம் 1955-இல் அளித்த அறிக்கையில், தமிழர் மிகுந்து வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைக் கேரளத்துடன் வைக்கப் பரிந்துரைத்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, இந்த மலை வட்டங்கள் கேரளத்திலேயே நின்றன. அதே ஆண்டு அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்து தருமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறக்குறைய 5 லட்சம் பேர். தேவிகுளம், பீர்மேடு மட்டுமன்றிப் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, அட்டப்பாடிப் பகுதிகளிலும் தமிழ்வழி வகுப்புகள் நடைபெறுகின்றன.

இப்பகுதிக் குழந்தையின் மொழிச் சுமை சற்று வேறுபட்டது. வீட்டில் தமிழ், பேருந்திலும் அலுவலகத்திலும் மலையாளம், முதல் வகுப்பிலிருந்து ஆங்கிலம், ஐந்தாம் வகுப்பிலிருந்து இந்தி என்று பத்து வயதுக்குள் நான்கு மொழிகள் வந்து சேர்கின்றன. இதைச் சுமையாக மட்டுமே பார்ப்பது வழக்கம். ஆனால் ஆங்கில ஆசிரியருக்கு இதில் ஒரு நற்பேறு மறைந்திருக்கிறது. ஒரே ஒரு மொழி தெரிந்த குழந்தைக்கு எளிதில் விளக்க முடியாத சில செய்திகளை, இரண்டு மொழிகளைக் கேட்டு வளரும் குழந்தைக்கு ஓரிரு எடுத்துக்காட்டுகளிலேயே புரியவைத்துவிடலாம்.

தமிழ் எங்கே உதவும், மலையாளம் எங்கே உதவும்?

தமிழில் வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும். 'வந்தேன்' என்றால் நான், 'வந்தாய்' என்றால் நீ, 'வந்தான்' என்றால் அவன். எழுவாயைச் சொல்லாமல் விட்டாலும் பொருள் கெடுவதில்லை. ஆங்கில வாக்கியத்தில் தமிழ்க் குழந்தை எழுவாயை விட்டுவிடுவதற்கு இப்பழக்கம் ஒரு காரணம். மலையாளத்தில் நிலைமை வேறு. 'ஞான் வன்னு', 'நீ வன்னு', 'அவன் வன்னு' என்று ஆள் மாறினாலும் வினை மாறுவதில்லை. ஆங்கிலத்தில் 'ஐ கேம்', 'யூ கேம்', 'ஹி கேம்' என்பதும் இதே போக்குதான். கரும்பலகையில் மூன்று மொழிகளையும் பக்கம் பக்கமாக எழுதி, "எந்த இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன?" என்று கேட்டால் குழந்தைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். இலக்கணச் சொல் ஒன்றுகூடத் தேவையில்லை. தேவிகுளத்தில் எளிதாக அமையும் இப்பாடத்துக்கு மதுரையிலோ திருச்சியிலோ இதே வாய்ப்பு கிடைப்பது அரிது.

ஒலியிலும் இப்படியொரு வாய்ப்பு உண்டு. குண்டூசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும், குப்பைத்தொட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பின்' என்றுதான் வரும். ஆனால் தமிழ்க் குழந்தையின் நாவுக்கு இந்த வேறுபாடு புதிதன்று. 'கப்பு', 'கம்பு' என்ற இரு சொற்களையும் சொல்லச் சொன்னால், இரண்டிலும் 'பு' வெவ்வேறாக ஒலிப்பதை அவர்களே கேட்கலாம். 'பஸ்' என்ற சொல்லைத் தோட்டத்தில் எவரும் தவறாக ஒலிப்பதில்லை. சிக்கல் எழுத்தில்தான் இருக்கிறது. மலையாளம் படிக்கத் தெரிந்த குழந்தைக்கு இவ்விரு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு என்பது முன்பே பழக்கம். அந்த அறிவை ஆங்கில எழுத்துக்கு மாற்றுவது ஒரு வாரப் பயிற்சி.

ஒரு பொருளைக் குறிக்கும் சொல்லின் முன் 'எ' வருமா, 'அன்' வருமா என்பது ஆண்டுதோறும் விடைத்தாள்களில் தடுமாற்றம் தரும் இடம். 'ஒரு மரம்', 'ஓர் ஊர்' என்ற தமிழ் மரபைப் படித்த மாணவருக்கு விதியின் பாதி ஏற்கெனவே தெரியும். உயிர் ஒலி முன்னால் நின்றால் சொல் மாறுகிறது. மீதிப் பாதி, ஆங்கிலத்தில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தைவிடக் காதுக்குக் கேட்கும் ஒலியே கணக்கு என்பது. அதனால்தான் 'அன் அவர்' என்றும் 'எ யுனிவர்சிட்டி' என்றும் வருகிறது. ஆங்கில ஆசிரியர் தமிழாசிரியருடன் பேசிக்கொண்டு, இரு பாடங்களும் ஒரே வாரத்தில் வருமாறு அமைத்தால் பயன் இரட்டிப்பாகும்.

எல்லா இடத்திலும் தமிழ் துணை நிற்பதில்லை. "அம்மா காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போவார்" என்று அன்றாட வழக்கத்தை எதிர்கால வடிவத்தில் சொல்வது தமிழ் இயல்பு. அதை அப்படியே பெயர்க்கும் குழந்தை 'வில் கோ' என்று எழுதிவிடுகிறது. 'கோஸ்' என்பதே அங்கு வேண்டும். இது கவனக்குறைவால் நேர்ந்த பிழை அன்று. தமிழின் தருக்கத்தைச் சரியாகப் பின்பற்றியதால் வந்த பிழை. இதைப் புரிந்துகொண்ட ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பதோடு நிறுத்தாமல், தமிழ் வாக்கியத்தையும் பக்கத்தில் எழுதி வேறுபாட்டைக் காட்டுவார். "நேற்று வந்த பேருந்து" என்பதில் பேருந்து கடைசியில் நிற்க, ஆங்கிலத்தில் அதுவே முதலில் வருகிறது. இதற்குச் சொற்களை எழுதிய காகிதத் துண்டுகளை மேசைமீது இடம் மாற்றி அடுக்கும் விளையாட்டு, விளக்கவுரையைவிட விரைவில் பலன் தரும்.

ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்ற பழைய விதியோடு இவை முரண்படுவதாகத் தோன்றலாம். ஆனால் 2005 தேசியக் கலைத்திட்ட வரைவையொட்டி உருவான ஆங்கிலக் கற்பித்தல் அறிக்கை, பன்மொழிச் சூழலைக் கற்றலுக்கான வளமாகவே கருதியது. கேரளத்துக்குள்ளேயே முன்னோடி உண்டு. புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைகளுக்காக எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-இல் தொடங்கப்பட்ட 'ரோஷ்ணி' திட்டம், இந்தி, வங்காளம், ஒடியா தெரிந்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, குழந்தையின் மொழியிலிருந்து பள்ளி மொழிக்குப் பாலம் கட்டியது. மூணாறு தோட்டங்களிலும் இன்று ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்கள் பணிபுரிகின்றனர். அவர்களின் பிள்ளைகள் வகுப்புக்கு வரும்போது, தமிழ் ஆசிரியரும் இதே கேள்வியை மறுமுனையிலிருந்து சந்திக்க நேரிடும்.

பெங்களூருத் திட்டமும் பேருந்து அட்டவணையும்

ஆங்கிலம் கற்பித்தலில் உலகெங்கும் பேசப்படும் ஒரு முயற்சி தென்னிந்தியாவின் சாதாரணப் பள்ளிகளில்தான் பிறந்தது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, பெங்களூருவிலுள்ள வட்டார ஆங்கில நிறுவனத்துடன் இணைந்து 1979 முதல் 1984 வரை நடத்திய அத்திட்டம் 'பெங்களூருத் திட்டம்' என்று அறியப்படுகிறது. பெங்களூரு, சென்னை, கடலூர் ஆகிய ஊர்களில் வகுப்புகள் நடந்தன. வாக்கிய அமைப்புகளை வரிசையாக மனப்பாடம் செய்விக்கும் அன்றைய முறையை விலக்கிவிட்டு, மாணவர்களுக்குத் தீர்க்க வேண்டிய சிறு சிக்கல்கள் கொடுக்கப்பட்டன. வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது, ரயில் அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் ஏறினால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று கணக்கிடுவது போன்றவை அவை. ஆசிரியர் முதலில் அதே வகைச் சிக்கல் ஒன்றை முழு வகுப்புடன் பேசித் தீர்ப்பார். பின்னர் மாணவர்கள் தனித்தனியே முயல்வர். விடை சரியா என்பதே முதல் கேள்வி. மொழி அந்த முயற்சியின் ஊடாக வளரும் என்பது பிரபுவின் நம்பிக்கை.

தேவிகுளத்தில் இதற்கான மூலப்பொருள் கொட்டிக் கிடக்கிறது. மூணாறு பேருந்து நிலையத்து நேர அட்டவணை ஒன்று போதும். "அடிமாலியில் பத்து மணிக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். எந்தப் பேருந்தில் ஏறுவாய்? அதைத் தவறவிட்டால் என்ன செய்வாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டால், ஒற்றைச் சொல்லில் விடை வந்தாலும் அது சிந்தித்து வந்த விடை. தேயிலைப் பொட்டலத்தின் மேலுறையில் எடை, விலை, தயாரித்த தேதி, பயன்படுத்த வேண்டிய காலம் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. இரண்டு பொட்டலங்களை ஒப்பிட்டு எது மலிவு என்று சொல்லச் சொல்லலாம்.

கொழுந்து எடைபோடும் கணக்கு இன்னும் சிறந்தது. குறிப்பிட்ட அடிப்படை அளவுக்கு மேல் பறித்த கிலோவுக்குத் தனி ஊக்கத்தொகை உண்டு என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். அடிப்படை அளவு 25 கிலோ என்று வைத்துக்கொண்டு, மூன்று நாள்களின் எடையைக் கொடுத்து, "எந்த நாளில் கூடுதல் கிடைக்கும், ஏன்?" என்று கேட்கலாம். 'மோர் தேன்', 'லெஸ் தேன்', 'பிகாஸ்' ஆகிய மூன்றும் தாமாகவே தேவைப்படும். எந்த வீட்டின் உண்மை வருமானமும் வகுப்பில் பேசுபொருளாகிவிடாமல் கற்பனை எண்களையே பயன்படுத்துவது நல்லது.

காலங்களைக் கற்பிக்க நீலக்குறிஞ்சி இருக்கிறது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருமளவில் பூக்கும் குறிஞ்சி, இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலைச் சரிவுகளில் 2006-இலும் 2018-இலும் பூத்தது. அடுத்த பூப்பு 2030-இல். "2018-இல் நீ எங்கே இருந்தாய்? உன் அக்காவுக்கு அப்போது என்ன வயது? 2030-இல் உனக்கு என்ன வயதாகியிருக்கும்?" என்ற கேள்விகளில் இறந்தகாலமும் எதிர்காலமும் ஒரே மூச்சில் வந்துவிடும். வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் 1994-ஆம் ஆண்டுப் பூப்பைப் பற்றித் தமிழில் கேட்டு, மறுநாள் மூன்று வரி ஆங்கிலத்தில் எழுதி வருவது ஏழாம் வகுப்புக்கு ஏற்ற வீட்டுப்பாடம்.

ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டிய சிறு பள்ளிகளில் இவ்வகைப் பணிகள் கூடுதல் பயன் தரும். மூன்றாம் வகுப்புக் குழந்தை அட்டவணையில் நேரத்தைப் படிக்கும். நான்காம் வகுப்புக் குழந்தை எந்தப் பேருந்து என்று முடிவு செய்யும். ஒரே தாள் போதும்.

உருண்டபோது கரைந்த பனிப்பந்து

பெங்களூருத் திட்டத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதைப் பின்னாளில் ஆராய்ந்த ஆலன் பெரெட்டா, வெளியிலிருந்து வந்த வல்லுநர்கள் இம்முறையைக் கையாண்ட அளவுக்கு, அப்பள்ளிகளின் வழக்கமான ஆசிரியர்களால் கையாள முடியவில்லை என்று கண்டார். பலருக்குத் தங்கள் ஆங்கிலப் பேச்சின் மீதே போதிய நம்பிக்கை இல்லை. மாணவர் எதிர்பாராத ஒன்றைக் கேட்டால் ஆங்கிலத்தில் உடனடியாகத் தொடர்வது கடினமாக இருந்தது.

அதற்கும் முன்பு, 1959-இல் சென்னை மாநிலத்தில் ஒரு பெரும் பயிற்சி இயக்கம் தொடங்கியது. 27,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களைப் புதிய முறையில் பயிற்றுவிப்பதே நோக்கம். சிலருக்குப் பயிற்சியளித்து, அவர்கள் பலருக்கும், அந்தப் பலர் இன்னும் பலருக்கும் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு. 'மெட்ராஸ் பனிப்பந்து' என்ற பெயர் அதனால் வந்தது. உருள உருளப் பெரிதாகும் என்று எதிர்பார்த்த பந்து இடையில் கரைவதுதான் இவ்வகை ஏற்பாட்டின் நிலையான குறை. மேல்மட்டத்தில் ஒரு மாதம் பேசப்பட்டது கீழ்மட்டத்துக்கு வரும்போது இரண்டு நாளாகச் சுருங்கிவிடும். ஏன் இப்படிச் செய்கிறோம் என்ற காரணம் வழியிலேயே உதிர்ந்து, என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல் மட்டுமே வந்து சேரும்.

இன்றைய பயிற்சி முறையும் பெரும்பாலும் இந்த வடிவத்திலேயே இருக்கிறது. கேரளத்தில் கோடை விடுமுறைப் பயிற்சியும் ஆண்டின் இடையே 'கிளஸ்டர்' கூட்டங்களும் நடைபெறுகின்றன. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணிநேரத் தொழில்சார் பயிற்சியை எதிர்பார்க்கிறது. 2019-இல் தொடங்கப்பட்ட 'நிஷ்டா' பயிற்சிகள் 'திக்ஷா' தளத்தில் இணையவழியில் கிடைக்கின்றன. கேரள அரசின் 'கைட்' நிறுவனம் கட்டற்ற மென்பொருளில் உருவாக்கிய 'இ-கியூப் இங்கிலீஷ்' மொழி ஆய்வகம் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டுள்ளது. 2020-இல் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கியபோது தமிழ்வழி, கன்னடவழி மாணவர்களுக்கும் பாடங்கள் தயாரிக்கப்பட்டன. ஆகவே வசதியே இல்லை என்று சொல்வதற்கில்லை.

ஆனால் தேவிகுளத்து ஆசிரியரின் இடத்திலிருந்து பார்த்தால் இரண்டு இடைவெளிகள் தெரியும். ஒன்று தூரம். இடுக்கி மாவட்ட ஆசிரியர் கல்விப் பயிற்சி நிறுவனம் தொடுபுழாவில் இருக்கிறது. மூணாற்றிலிருந்து மலைச்சாலையில் ஏறக்குறைய மூன்று மணிநேரப் பயணம். பருவமழைக் காலத்தில் அதுவும் உறுதியில்லை. மற்றொன்று மொழி. மாநில அளவில் தயாராகும் ஆங்கிலப் பயிற்சி, இயல்பாகவே மலையாளம் பேசும் குழந்தையை மனத்தில் வைத்து அமைகிறது. அக்குழந்தை செய்யும் பிழைகளும் தமிழ்க் குழந்தை செய்யும் பிழைகளும் ஒன்றல்ல என்பதை மேலே கண்ட எடுத்துக்காட்டுகளே காட்டும்.

எல்லைக்கு அப்பால் பார்ப்பதிலும் தவறில்லை. தேவிகுளம் வழியே செல்லும் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் போடிமெட்டைக் கடந்து இறங்கினால் தேனி மாவட்டம். அம்மாவட்டத்தின் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் உத்தமபாளையத்தில் உள்ளது. தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் தமிழ், கணக்கு ஆகியவற்றுடன் ஆங்கிலமும் அடங்கும். அதன் பாடப்பொருள்கள் தமிழ்க் குழந்தைக்காகவே எழுதப்பட்டவை. பாடத்திட்டம் வேறு என்பதால் அப்படியே எடுத்தாள முடியாது என்றாலும், செயல்பாடுகளைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தத் தடையில்லை. இரு மாநிலப் பயிற்சி நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை கூட்டு அமர்வு நடத்தினால் செலவு அதிகமாகாது.

நான்கு ஆசிரியர்கள், ஒரு கைப்பேசி

ஆணைக்குக் காத்திராமல் செய்யக்கூடியவையும் உண்டு. சிறந்த முறை என்று ஒன்று இல்லை, தன் வகுப்பில் எது ஏன் பலிக்கிறது என்பது பற்றிய ஆசிரியரின் உயிர்ப்புள்ள புரிதலே முக்கியம் என்று பிரபு 1990-இல் எழுதினார். அத்தகைய புரிதல் பயிற்சி அரங்கில் கிடைப்பதில்லை. வகுப்பைத் திரும்பிப் பார்ப்பதில்தான் கிடைக்கிறது.

அதற்கு மிக எளிய கருவி கைப்பேசி. மாதத்துக்கு ஒருமுறை தன் ஆங்கில வகுப்பின் பத்து நிமிடங்களை ஒலிப்பதிவு செய்து, மாலையில் தனியே கேட்பது. ஆசிரியர் எத்தனை நிமிடம் பேசினார், குழந்தைகள் எத்தனை முறை வாய் திறந்தனர், கேள்வி கேட்டபின் விடைக்காக எத்தனை நொடி காத்திருந்தார் என்று மூன்றை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். பெரும்பாலானோருக்கு மூன்றாவது எண் அதிர்ச்சி தரும். ஒரு நொடிக்குள் தாமே விடையைச் சொல்லிவிடும் பழக்கத்தை மூன்று, நான்கு நொடிகளாக நீட்டுவதற்குப் பயிற்சிக் கட்டணம் எதுவுமில்லை. பதிவு ஆசிரியரிடமே இருக்க வேண்டும். அதிகாரிக்கு அனுப்பும் ஆவணமாக அது மாறினால் எவரும் உண்மையான வகுப்பைப் பதிவு செய்ய மாட்டார்கள்.

அடுத்தது, அருகருகே உள்ள பள்ளிகளின் நான்கைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே பாடத்தைத் திட்டமிடுவது. ஜப்பானியப் பள்ளிகளில் நெடுங்காலமாக நிலவும் 'பாட ஆய்வு' இதுதான். எல்லோரும் கூடி ஒரு பாடத்தை எழுதுவர், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பின்வரிசையில் அமர்ந்து பார்ப்பர். அவர்கள் குறிப்பெடுப்பது ஆசிரியரைப் பற்றியன்று, குழந்தைகளைப் பற்றி: யார் எந்த இடத்தில் தடுமாறினர், யார் தமிழில் சரியாகச் சொல்லி ஆங்கிலத்தில் நின்றுவிட்டனர். பின்னர் பாடத்தைத் திருத்தி, வேறொரு பள்ளியில் இன்னொருவர் நடத்துவார். மூணாறு கல்வி உபமாவட்டத்தின் தமிழ்வழி ஆசிரியர்களுக்கு ஒரு கிளஸ்டர் கூட்டத்தை இதற்காக ஒதுக்கித் தரும் அதிகாரம் உள்ளூர் அலுவலர்களிடமே இருக்கலாம். கேட்டுப் பார்ப்பதில் இழப்பில்லை.

ஆசிரியரின் சொந்த ஆங்கிலம் பற்றிப் பேசுவது சங்கடமான செய்தி. பெரெட்டாவின் ஆய்வு காட்டியதும் அதையே. தமிழ்வழியில் படித்து, தமிழ்வழியிலேயே கற்பிக்கும் ஒருவருக்கு ஆங்கிலத்தில் பேசும் வாய்ப்பு நாள் முழுவதும் கிட்டாமல் போகலாம். இக்குழு வாரத்துக்கு அரைமணிநேரம், பிழை திருத்தாமல், ஆங்கிலத்தில் மட்டும் பேசுவதென்று வைத்துக்கொண்டால் சில மாதங்களிலேயே வேறுபாடு தெரியும். தொடக்கத்தில் வகுப்பறைத் தொடர்களையே எடுத்துக்கொள்ளலாம்: இருவர் இருவராகப் பிரியுங்கள், இன்னொரு முறை முயன்று பார், ஏன் அப்படி நினைக்கிறாய் என்பன போன்று ஐம்பது தொடர்கள் சரளமாக வந்துவிட்டால் ஒரு வகுப்பை நடத்திவிடலாம். சென்னையில் தொடங்கிய இந்திய ஆங்கில மொழி ஆசிரியர் சங்கமான 'எல்ட்டாய்' போன்ற அமைப்புகளில் சேர்வது, இக்குழு நிலைபெற்றபின் எடுக்க வேண்டிய அடுத்த படி.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு இன்னொரு பணி உண்டு. பத்தாம் வகுப்புவரை அறிவியலையும் சமூக அறிவியலையும் தமிழில் படித்த மாணவர், பதினோராம் வகுப்பில் ஆங்கிலப் பாடநூல்களைத் திறக்கிறார். தோட்ட வீட்டில் ஆங்கிலத்தில் உதவி கேட்க ஆளிருப்பது அரிது. இந்தப் பள்ளத்தை ஜூன் மாதத்தில் நிரப்ப முடியாது. எட்டாம் வகுப்பிலிருந்தே அறிவியல் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து, ஒவ்வொரு பாடத்துக்கும் பத்துக் கலைச்சொற்களை இரு மொழியிலும் சுவரில் ஒட்டலாம். ஒளிச்சேர்க்கை என்று அறிந்த பொருளுக்கு 'ஃபோட்டோசிந்தசிஸ்' இன்னொரு பெயர் மட்டுமே; பொருளைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. கலைச்சொற்களைவிடவும் மாணவரைத் தடுப்பவை வினாத்தாளின் ஏவல் சொற்கள். 'டிஃபைன்', 'எக்ஸ்பிளெய்ன்', 'கம்பேர்', 'ஜஸ்டிஃபை' ஆகியவற்றுக்கு எவ்வகை விடை எதிர்பார்க்கப்படுகிறது என்பதை, மாணவர் முன்பே தமிழில் நன்றாக அறிந்த ஒரு பாடத்தை வைத்து, ஒன்பதாம் வகுப்பின் முதல் பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.